ஆள் பஞ்சம் இல்லை, கூலிப் பஞ்சம்

'டிரைவர் கிடைக்கவில்லை' என்று லாரி முதலாளிகள் அழுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று வண்டி பெருத்த ஊர்களில் எந்த ஆபீசில் போய் உட்கார்ந்தாலும் இதே ஒப்பாரிதான். 'பூசை போட்டு வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன், ஏறி உட்கார ஆளில்லை.' 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கறதில்லை.' 'இலவச அரிசி குடுத்துக் கெடுத்துட்டாங்க.' கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வயலுக்கு ஆள் வராதபோது பண்ணையார் சொன்ன வாக்கியம் அது. வயலை விற்று வண்டி வாங்கியவர் வாக்கியத்தை மட்டும் விற்காமல் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அரசும் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது. 2019-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு செய்தது. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்ட லைசென்சு வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை எடுத்துவிடுகிறோம் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை. அந்த ஆண்டே விதி போனது.

விதி போனது நமக்கு நல்லதுதானே என்று ஒரு தோழர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டு, கக்கூஸ் கழுவச் சொல்லப்பட்டு, ஐந்தாவதோடும் ஆறாவதோடும் ஓடிவந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்ததே என்றார். திறந்தது உண்மைதான். அந்தக் கதவைத் தாண்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 22 லட்சம் பேர் குறைகிறார்கள் என்றால் சந்தை விதிப்படி கூலியல்லவா ஏற வேண்டும்? தக்காளி குறைந்தால் தக்காளி விலை ஏறுகிறது. டீசல் குறைந்தால் டீசல் விலை ஏறுகிறது. டிரைவர் குறைந்தால் மட்டும் டிரைவருக்கான தகுதியைக் குறைக்கிறார்கள், கூலியை ஏற்றமாட்டேன் என்கிறார்கள். இது என்ன பொருளாதாரம்?

*

ஒரு டிரைவர் எப்படி உருவாகிறான் என்பதிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்துக் காலனிப் பையன் ஒருவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஒம்பதாவதோட நின்னுட்டேங்ண்ணா. கிளீனரா ஏறுனேன். மூணு வருசம். சம்பளம்னு கையில எண்ணி வாங்குனதில்லை. சோறு போடுவாங்க. தீவாளிக்குத் துணி எடுத்துக் குடுப்பாங்க. ஊருக்கு வந்தா கைச்செலவுக்குக் கொஞ்சம் குடுப்பாங்க. டயரு கழட்டறது, தார்ப்பாய் கட்டறது, கயிறு இழுக்கறது, சோறாக்கறது, டிரைவரண்ணனுக்குத் துணி தொவைக்கறது எல்லாம் நான்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல 'புடிடா செத்த நேரம்'னு ஸ்டேரிங்கக் குடுத்துட்டு அண்ணன் படுத்துக்குவாரு. அப்புடித்தான் பழகுனேன். லைசென்சு அதுக்கப்புறந்தான் எடுத்தேன்."

சட்டம் என்ன சொல்கிறது? 20 வயது நிறையாதவன் சரக்கு வண்டி ஓட்டக் கூடாது. இலகு வாகன லைசென்சு வாங்கி ஓராண்டாவது ஆனவனுக்குத்தான் கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம். நம் பையன் பழகிய பள்ளிக்கூடம் ராத்திரி இரண்டு மணி நெடுஞ்சாலை. வாத்தியார், தூக்கம் தாங்காமல் விழுந்த இன்னொரு கூலி. மூன்று வருடம் கூலியில்லாமல் உழைத்ததற்குப் பேர் 'தொழில் கத்துக்கறது'. வேறு எந்தத் தொழிலிலாவது பயிற்சிக்காலத்துக்கு ஓர் ஏடு, ஒரு கையெழுத்து, ஒரு உதவித்தொகை இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. அந்த மூன்று வருட உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இப்போது அந்தக் கிளீனர் வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. செலவைக் குறைக்க முதலில் கிளீனரை இறக்கிவிட்டார்கள். ஆகவே புதிதாக ஏறுகிறவன் தனியாக ஏறுகிறான். ஓட்டுபவன் அவனே, காவல் காப்பவன் அவனே, தார்ப்பாய் கட்டுபவன் அவனே. பின்னால் பார்த்து 'வா வா' என்று சொல்லக்கூட ஆளில்லை.

லைசென்சு கைக்கு வந்ததும் புது டிரைவருக்கு என்ன வண்டி கிடைக்கும்? இருக்கிறதிலேயே ஓட்டை வண்டி. 2025-லிருந்து தயாராகும் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் புது வண்டியில் ஏறப்போகிறவர் பழைய டிரைவர், அதிலும் முதலாளிக்கு வேண்டியவர். புதியவனுக்கு எஞ்சின் சூட்டில் பாதம் வேகிற பழைய கேபின்தான். அந்தப் பையனே சொன்னான்: "மொத நடையிலயே பின்னாடி டயரு வெடிச்சுது. ஏற்கனவே தேஞ்ச டயரு. 'உனக்கு ஓட்டத் தெரியலே'ன்னு பாதிக் காச எம்பேர்ல எழுதிட்டாங்க." டயர் தேய்ந்தது முதலாளியின் லாபத்தில். வெடித்தது டிரைவரின் கணக்கில்.

*

இனி கூலிக் கணக்கு. மாதச் சம்பளம் என்ற பேச்சே பல வண்டிகளில் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று படி, அல்லது வாடகையில் ஒரு பங்கு. படி என்கிற இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது. நம் தாத்தாக்கள் படியாள்களாக இருந்தார்கள், களத்துமேட்டில் படியளந்து போட்டதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பேரன் லாரி ஆபீசில் படி வாங்குகிறான். தானியம் காசாக மாறியிருக்கிறது. அளக்கிற கை யாருடையதோ அவரே கணக்கும் சொல்கிறார் என்பது மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்து தில்லி 2,300 கிலோமீட்டருக்கு மேல். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ஐத் தாண்டவிடாது. சுங்கச்சாவடி, ஊர், மேடு, நெரிசல் எல்லாம் சேர்த்தால் பார வண்டிக்குச் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஸ்டேரிங்கைப் பிடித்திருக்கிற நேரம் மட்டும் 57 மணிக்கு மேல் ஆகிறது. நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் எட்டாம் நாள்தான் போய்ச் சேரலாம். 10 மணி நேரம் ஓட்டினாலும் ஆறு நாள். முதலாளி சொல்வது என்ன? 'நாலு நாள்ல லோடு எறங்கணும்.' நாலு நாளில் என்றால் தினம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். சோறு, குளியல், பஞ்சர், போலீசு எல்லாம் அதற்கு வெளியே. தூக்கம் எங்கே?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் சரக்கோடு போகிற ஈ-வே பில்லுக்குத் தவணை உண்டு. 2021 ஜனவரியிலிருந்து சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. அப்படியானால் தில்லி போகிற சிமெண்டுக்கு அரசாங்கம் 12 நாள் தவணை கொடுக்கிறது. சரக்குக்கு 12 நாள். அதைச் சுமந்து போகிற மனிதனுக்கு 4 நாள்.

மேலே போவோம். போக 4 நாள், இறக்கக் காத்திருப்பு 2 நாள், ரிட்டன் லோடு கிடைக்கக் காத்திருப்பு 3 நாள், திரும்ப 4 நாள். ஆக 13 நாள். போய்வர 13,000 ரூபாய் படி என்று வைத்துக்கொள்வோம். இது எந்த முதலாளியின் பேரேட்டிலிருந்தும் எடுத்ததில்லை. உங்கள் ஊர் டிரைவரிடம் கேட்டு அவர் சொல்கிற தொகையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 1,000 ரூபாய். வழியில் சோறு, டீ, குளியல், கக்கூசுக்கு நாளைக்கு 300 ரூபாய் போனால் மிச்சம் 700. வண்டி நிற்கிறபோதும் அவன் வீட்டுக்குப் போக முடியாது. டீசல் திருடுபோகாமல், டயர் கழட்டுபோகாமல், சரக்கு குறையாமல் அவன்தான் காவல். ஆகவே அவன் வேலை நேரம் 24 மணி. 700-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய்ச் சொச்சம். எடை குறைந்தால் பிடித்தம், மைலேஜ் குறைந்தால் பிடித்தம், தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தால் பிடித்தம். இந்தப் பிடித்தமெல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் வரவில்லை.

முன்பணம் சாதாரண விஷயமில்லை. புதுப் பையனுக்கு ஆசை காட்டி முன்பணம் கொடுக்கிறார்கள். தங்கச்சி கலியாணம், அம்மா ஆசுபத்திரி, வீட்டுக்கு ஓடு. அதற்கப்புறம் அவன் வேறு வண்டிக்குப் போக முடியாது. 'கணக்கு முடிச்சுட்டுப் போடா' என்பார்கள். கணக்கு என்றைக்கும் முடியாது. அசல் லைசென்சை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிற முதலாளியும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்றது. செங்கல் சூளையில் தேடுகிறோம், கல்குவாரியில் தேடுகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற கொத்தடிமையை யாரும் தேடுவதில்லை.

*

சட்டம் இல்லையா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். இருந்தது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர வழியானால் அதிகாரியின் அனுமதி பெற்று நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி வரை. வாரம் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, ஆண்டு விடுப்பு. படிக்கப் படிக்க வாய் ஊறும்.

ஆனால் அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. இந்த நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு, மூன்று வண்டிக்காரர்கள். நிறைய வண்டி வைத்திருப்பவரும் பொண்டாட்டி பேரில் இரண்டு, மச்சான் பேரில் இரண்டு, அப்பன் பேரில் ஒன்று என்று பிரித்துவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். காத்திருக்கிற நேரம் விஷயத்திலும் இப்படித்தான். டெர்மினலில் வெறுமனே இருக்கிற நேரத்தை, அது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் வேலை நேரத்தில் சேர்க்கலாம் என்று அந்தச் சட்டத்தின் வரையறை எழுதி வைத்தது. நம் பையன் காத்திருப்பது மூன்று நாள்.

இந்த ஓட்டைகளை அடைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பழைய 1961 சட்டம் கரைந்து போனது. புதிய பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்பு மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது தெரியுமா? பத்துத் தொழிலாளர். ஐந்து பத்தானது. முன்பு ஐந்து பேர் வைத்திருந்தவர் ஒளிய வேண்டியிருந்தது. இப்போது ஒன்பது பேர் வைத்திருப்பவர் வெளிச்சத்திலேயே நிற்கலாம். அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 54 மணியை 48 ஆக்கும் திருத்தத்தை 1946-ல் கொண்டுவந்தார். அவர் குறைத்த நேரம் நெடுஞ்சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

*

எம்.ஏ. தமிழ் வகுப்பில் உமணர் வண்டியைப் பற்றிப் படித்தோம். உப்பு ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் தாண்டிப் போகிற உமணர், வழியில் அச்சு முறிந்தால் ஆகும் என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு கட்டிக்கொண்டு போவதை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பேராசிரியர் உவமை நயம் சொன்னார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வண்டிக்கு மாற்று அச்சு உண்டு. வண்டிக்காரனுக்கு மாற்று?

மாற்று ஆள் வேண்டும் என்று விதியே இருந்தது. தேசிய பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-ஆம் விதி சொன்னது. எந்த முதலாளியும் மதிக்கவில்லை. ஆனால் விதி ஏட்டில் இருந்தது. விபத்து நடந்தால், வழக்கு வந்தால், 'ரெண்டாவது டிரைவர் எங்கே?' என்று கேட்க ஒரு பிடி இருந்தது.

2018 ஜூலையில் 'லாரி ஸ்டிரைக்' நடந்தது. 20-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல். பத்திரிகைகள் லாரி வேலைநிறுத்தம் என்று எழுதின. வேலையை நிறுத்தியது யார்? முதலாளிகள். லாரி ஸ்டிரைக் என்றாலே இந்த நாட்டில் முதலாளி ஸ்டிரைக்தான். டீசல் விலை, சுங்கக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று கோரிக்கைகள். அவற்றில் டிரைவர் கூலி இருந்ததா? டிரைவர் ஓய்வு இருந்ததா? டிரைவர் இருந்தார், எப்படி? இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியை எடு என்ற கோரிக்கையாக இருந்தார். அரசு ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதி போனது. அதே ஜூலையில்தான் லாரிகள் ஏற்றக்கூடிய அச்சுப் பாரத்தையும் 20 முதல் 25 சதவீதம் கூட்டினார்கள். பாரம் கூடியது, ஆள் குறைந்தது. இரண்டும் ஒரே ஆண்டில்.

டிரைவர்கள் தாங்களாகவே வண்டியை நிறுத்தியது 2024 ஜனவரியில். விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 106(2) வந்தபோது வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நடுரோட்டில் விட்டு இறங்கினார்கள். பெட்ரோல் பங்க்குகள் வறண்டன. அரசு பணிந்தது. யாரோடு பேசிப் பணிந்தது? அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசோடு. அது வண்டி உரிமையாளர்களின் அமைப்பு. இறங்கி நின்றது தொழிலாளி, மேசையில் உட்கார்ந்தது முதலாளி. 2024 ஜூலை 1-ல் சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் அந்த நாற்காலி யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் டிரைவர் ஏன் நிற்பதில்லை? நின்றால் அடித்தே கொல்கிறார்கள். 14 மணி நேரம் ஓட்ட வைத்தவனை யாரும் அடிப்பதில்லை, அவன் பேர் எஃப்.ஐ.ஆரில் வருவதில்லை.

*

'இதில் சாதி எங்கேய்யா வந்தது? இது கூலிப் பிரச்சினை, எல்லாச் சாதி டிரைவரும்தான் கஷ்டப்படறான்' என்று மார்க்சியத் தோழர்கள் சொல்வார்கள். எல்லாச் சாதி ஏழையும் ஸ்டேரிங் பிடிக்கிறான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாச் சாதிக்காரனும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை.

கொங்குப் பக்கத்தில் காடு வைத்திருந்தவர்கள் கிணறு வெட்டினார்கள், கிணற்றில் தண்ணீர் வற்றியபோது வண்டி வாங்கினார்கள். கடனுக்கு ஜாமீன் போட நிலம் இருந்தது, லோடு பிடிக்க மாமன் மச்சான் ஆபீஸ் இருந்தது. அதே காட்டில் ஆடு மேய்த்த, தோல் பறை கட்டிய, சாணி வாரிய வீட்டுப் பிள்ளைகள் அந்த வண்டியில் கிளீனராக ஏறினார்கள். அப்பன் 'பண்ணாடி' என்று கூப்பிட்டான், மகன் 'ஓனர்' என்று கூப்பிடுகிறான். ஓனர் இன்னும் 'வாடா போடா'தான். லாரியின் முன்கண்ணாடியைப் பாருங்கள். முதலாளியின் குலதெய்வம், கூட்டத்துப் பேர், சாதித் தலைவர் படம். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் காலனிப் பையன் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

சொந்தக்காரப் பையன் டிரைவரானால் இரண்டு வருடத்தில் பங்காளி, நாலு வருடத்தில் சொந்த வண்டி. நம் பையன் டிரைவரானால் இருபது வருடம் கழித்தும் டிரைவர், முதுகு போன டிரைவர். தாட்கோ கடனில் வண்டி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடன் கிடைத்தாலும் லோடு கிடைக்க வேண்டுமே. புக்கிங் ஆபீசில் 'நம்ம வண்டி'க்குத்தான் முதல் லோடு. மிச்சம் விழுவதை மிச்ச வாடகைக்கு இவன் ஏற்ற வேண்டும். அம்பேத்கர் 1938-ல் மன்மாடில் தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் இதைத்தான் பேசினார். பம்பாய் ஆலைகளில் நல்ல கூலி கிடைக்கிற நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடுவதில்லை. நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டும், தீட்டாகிவிடும். விடாதவர்கள் முதலாளிகள் மட்டுமில்லை, சாதி இந்துத் தொழிலாளிகளும்தான். அங்கே நெசவுப் பிரிவு. இங்கே புது வண்டி, நல்ல லைன், முதல் லோடு.

ஆனாலும் நம் பிள்ளைகள் ஏன் லாரி ஏறுகிறார்கள்? ஒரு பையன் சொன்னான்: "ஊர்ல டீக்கடையில உக்கார முடியாதுங்ண்ணா. நாக்பூர்ல தாபாவுல கட்டில் போட்டுக் கால நீட்டி உக்காந்து சாப்புடறேன். எவனும் நீ யாருன்னு கேக்கலே." இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலிக்காக மட்டும் அவன் போகவில்லை. ஊரைவிட்டுப் போகிறான். நாடு முழுக்க ஓடுகிற அந்த ரோட்டில் பெயரில்லாமல் இருக்கலாம் என்று போகிறான். அந்த ஆசையைத்தான் முதலாளி மலிவாக வாங்குகிறார். நடை முடிந்து கணக்குக் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போனால் திண்ணைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். 4,600 கிலோமீட்டர் ஓட்டியவனால் அந்த மூன்று படியை ஏற முடியவில்லை.

இப்போது பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் டிரைவர்கள் வருகிறார்கள். 'வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான்' என்ற பேச்சு நம் காலனிகளிலும் கேட்கிறது. கூலியைக் கெடுத்தவன் கொடுக்காதவன்தான், வாங்காதவன் இல்லை. அந்தப் பையனையும் ஏதோ ஒரு ஊரின் ஓரத்து டோலாவிலிருந்து நிலமில்லாமைதான் துரத்தியிருக்கிறது. முதலாளிக்கு அவன் பாஷை புரியாதது வசதி, பிடித்தத்தை எதிர்த்துக் கேட்கமாட்டான். நாம் அவன் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் முதலாளியின் வசதி போய்விடும்.

*

முதலாளி தரப்பு நியாயம் ஒன்று உண்டு. டீசல், சுங்கம், வண்டித் தவணை, மாமூல், இவை போக என்ன மிச்சம் என்கிறார். ஒற்றை வண்டிக்காரர் நசுங்குகிறார் என்பதும், வாடகையைத் தீர்மானிப்பது பெரிய சரக்குக் கம்பெனிகளும் இடைத்தரகர்களும்தான் என்பதும் உண்மை. ஆனால் டீசல் விலையை அவரால் குறைக்க முடியாது. சுங்கத்தைக் குறைக்க முடியாது. தவணை தப்பினால் பைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிவிடுவான். அவரால் குறைக்க முடிகிற ஒரே செலவு நம் பிள்ளையின் வயிறு. மேலே இருப்பவனிடம் கேட்க முடியாததைக் கீழே இருப்பவனிடம் பிடுங்குவதற்குத்தான் இந்த நாட்டில் நெடுங்காலமாக ஏணி கட்டி வைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் லாரி டிரைவரைத் தேடி அரசும் தொண்டு நிறுவனங்களும் பேட்டைக்கு வந்தன. எதற்கு? ஆணுறை கொடுக்க. எயிட்ஸ் தடுப்பு மொழியில் டிரைவருக்கு ஒரு பேர் வைத்தார்கள்: பாலம். நோய் அவன்மேல் நடந்து குடும்பத்துக்குள் போய்விடுமாம். ஆணுறை வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயில் செத்தவர்களின் விதவைகள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் 25 நாள் வீட்டுக்கு அனுப்பாமல் ஓட்டவைத்தது யார் என்று ஒரு துண்டறிக்கையாவது கேட்டதா? டிரைவரின் உடம்பு சமூகத்துக்கு ஆபத்து என்று தெரிந்தபோது ஓடிவந்தார்கள். சமூகம் அவன் உடம்புக்கு ஆபத்து என்பது எந்தத் திட்டத்திலும் வரவில்லை.

எழுதுகிற நமக்கும் ஒரு வார்த்தை. தலித் எழுத்து வயலை எழுதியது, சுடுகாட்டை எழுதியது, மலக்குழியை எழுதியது. சேரியிலிருந்து கிளம்பி நாடு முழுக்கச் சுற்றுகிற இந்தப் பிள்ளைகளை எவ்வளவு எழுதியிருக்கிறோம்? அவர்கள் ஊருக்கு வருகிறபோது உட்கார்ந்து கேளுங்கள். நடைக் கணக்கு எழுதின நோட்டை வாங்கிப் பாருங்கள். தேதி, ஊர், படி, பிடித்தம் எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருக்கும். அதைவிடப் பெரிய ஆவணம் நமக்கு எதற்கு?

கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பத்துத் தொழிலாளர் என்ற வரம்பு போக வேண்டும், ஒரே ஒரு டிரைவர் இருந்தாலும் சட்டம் அவனுக்குப் பொருந்த வேண்டும். காத்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் கூலி வேண்டும், அதை இறக்காமல் வைத்திருக்கிற கம்பெனியிடம் வசூலிக்கட்டும். நியமனக் கடிதம் வேண்டும், கூலி வங்கி வழியாக வர வேண்டும், டயருக்கும் எடைக்கும் பிடித்தம் கூடாது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டாவது டிரைவர் விதி திரும்ப வர வேண்டும். கிளீனராக ஏறுகிறவனைப் பயிற்சித் தொழிலாளியாகப் பதிந்து கூலி கொடுக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களின் சரக்கு டெண்டரில் டிரைவர் கூலியும் ஓய்வும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்க முதலாளி சங்கத்தின் பின்வரிசை போதாது. டிரைவர்களுக்கென்று, டிரைவர்களே தலைவர்களாக இருக்கிற சங்கம் வேண்டும். அதில் காலனிப் பையன் கடைசி பெஞ்சில் உட்காரக் கூடாது. லாரிப் பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகப் போனாலும் போதும், தொடங்கலாம். அடுத்த முறை எவராவது 'டிரைவர் பஞ்சம்' என்று சொன்னால் அவரிடம் கேட்பதற்கு ஒரே கேள்விதான்: என்ன கூலி கொடுக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்.